தொண்ணூறாம் நாள் ராஜினாமா

விருத்தாசலம்
12-9-2004, ஞாயிறு மத்தியானம்

என் கண்ணு சிவசங்கரிக்கு அம்மா எழுதுவது. கோயமுத்தூரில் நீயும் அத்தை வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாலு தரம் படித்தேன். முதல் தரம் படிக்கும்போது நீ எதிரே இருந்திருந்தால் கையில் இருந்த கரண்டியாலேயே போட்டிருப்பேன். நாலாவது தரம் படிக்கும்போது என் தலையிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. பிசிக்ஸ் நோட்டைத் தேவி வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை, அதனால்தான் பிளஸ் டூவில் ஃபெயிலானேன் என்று ரிசல்ட் வந்த அன்று தேம்பித் தேம்பி அழுதாயே, அது பொய், நோட்டை நீயேதான் பரணில் ஒளித்துவைத்தாய் என்று எழுதியிருக்கிறாய். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். விரிசல் விட்ட பொம்மைகள் போட்டு வைத்த சாக்குக்குப் பின்னால், நீ சொன்ன இடத்திலேயே இருந்தது. பாதிக்கு மேல் வெறும் தாள். அரைப் பரிட்சைக்கு அப்புறம் பாடம் ஒன்றுமே புரியவில்லை, அதைச் சொன்னால் அம்மா என்ன சொல்வாளோ என்று பயந்தேன் என்கிறாய். ஏன் பயப்பட மாட்டாய்? ரேஷன் கடை கியூவில்கூட எம்பொண்ணு இன்ஜினியரு ஆவப்போறா என்று தம்பட்டம் அடித்தவள் நான்தானே.

சரி, நீ உன் பொய்யைச் சொல்லிவிட்டாய். இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டு. உன்னை அங்கே டுட்டோரியல் காலேஜில் சேர்த்துவிட்டு வந்த மறுவாரம், ஜூன் பதினாலாம் தேதி, ஆத்திரம் தாங்காமல் மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் தேவி மேல் பிராது கட்டிவிட்டேன். கோர்ட்டுக்கு எழுதுகிற மாதிரியே, பச்சமுத்து மகள் தேவி என் மகளின் நோட்டை எடுத்துக்கொண்டு அவள் படிப்பைக் கெடுத்தாள், தொண்ணூறு நாளுக்குள் நீயே கேள் சாமி என்று எழுதி, அங்கே முனியப்பர் சன்னதியில் இருக்கிற வேலில் கட்டினேன். உன்கூட ஒரே தட்டில் சாப்பிட்ட பெண்ணின் பேரை எழுதினோமே என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. கட்டிவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன், சங்கரி.

தேவி கடலூரில் நர்ஸிங் சேர்ந்தாள் இல்லையா, போன மாதம் அவளுக்கு மஞ்சள் காமாலை கண்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். மோரும் சோறும்கூட உள்ளே நிற்கவில்லை. பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அவள் அம்மா திரௌபதி அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல் என்பது உனக்குத் தெரியும். அச்சிலிருந்து எடுத்த பொம்மையை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டே மூன்று வாரமாக அவள் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன், என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, பூங்கோத, யாரோ எம்பொண்ணுக்குச் செய்வினை வச்சிட்டாங்கடி, கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும், எனக்கு எழுத வராது, நீ கூட வந்து எழுதிக் குடு என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். மறுநாள் உன் கடிதம் வந்துவிட்டது. அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், ஹாஸ்டல் தண்ணியில வந்த காமாலைக்கு நீ என்னாடி பண்ணுவ, வாய மூடிக்கினு எழுதிக் குடுத்துட்டு வா, ஒரே எடத்துல வேல செய்யிறவங்க, வீணா பகையாயிடும் என்றார். அவர் சொல்வதும் சரிதானோ என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன்.

இன்று காலை டவுன் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க அவள் என் கையை விடவே இல்லை. கோயிலில் தாள் வாங்கி உட்கார்ந்தோம். எதிரி யாருன்னு தெரியல, யாரா இருந்தாலும் அவங்க வூடு விளங்கக் கூடாதுன்னு எழுதுடி என்றாள். பேனாவை எடுத்தேன். நம் வீட்டுக்கு நானே எப்படி எழுதுவேன்? பேனாவைக் கீழே வைத்தேன். அக்கா, அந்த எதிரி நான்தான் என்று சொல்லிவிட்டேன். நோட்டு சமாச்சாரம், நீ சொன்ன பொய், நான் கட்டின பிராது, ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கத்துவாள், மயிரைப் பிடித்து இழுப்பாள் என்று பார்த்தேன். இழுத்திருந்தால் தேவலை. உம்பொண்ணு ஃபெயிலானா எம்பொண்ணு பேரத்தான் எழுதுவியா என்று மட்டும் கேட்டாள். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் கட்ட மாட்டேன், ஆனா உம்பொண்ணு எம்பொண்ணுகிட்ட நேரா சொல்றவரைக்கும் எங்க வூட்டு வாசப்படி மிதிக்காத என்று சொல்லிவிட்டு முதலில் வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அப்புறம் நான் மட்டும் கோயில் ஆபீசில் நின்று பிராதை வாபஸ் வாங்க ராஜினாமா எழுதினேன். இன்றோடு சரியாகத் தொண்ணூறு நாள். கேட்டது நடந்தவர்கள்தான் ராஜினாமா எழுதுவது வழக்கம், அதனால் அங்கே இருந்தவர், காரியம் முடிஞ்சிடுச்சாம்மா என்று கேட்டார். இல்லைங்க, பிராதே தப்பு என்றேன். அப்ப அதையே எழுதுங்க என்றார். எழுதினேன்.

காமாலை என்னால் வந்ததா தண்ணீரால் வந்ததா எனக்குத் தெரியாது. நேற்றிலிருந்து தேவி கொஞ்சம் கஞ்சி குடிக்கிறாளாம், அப்பா விசாரித்துவிட்டு வந்தார். நீ உன் கடிதத்தின் கடைசியில், இந்தப் பரிட்சையும் வேண்டாம், ஹாலை நினைத்தாலே வாந்தி வருகிறது, ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே. கோபத்தில் சொல்லவில்லை கண்ணு. இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. நாளைக்கே அந்த பிசிக்ஸ் சாரிடம் போய், இந்த இடத்திலிருந்து எனக்குப் புரியவில்லை சார் என்று வாயைத் திறந்து சொல். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மறுபடியும் ஃபெயிலானால் அடுத்த பஸ் ஏறி வா, நான் வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன், யார் கேட்டாலும் ஃபெயில் என்றே சொல்கிறேன். இன்ஜினியர் பேச்சை இனிமேல் எடுக்க மாட்டேன். ராத்திரி கண் விழிக்காதே, அத்தை தருகிற பாலை வேண்டாம் என்று சொல்லாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

இதோடு ஒரு இன்லேண்ட் லெட்டர் வைத்திருக்கிறேன். மேலே தேவியின் விலாசத்தை நானே எழுதிவிட்டேன். உள்ளே எழுதவேண்டியது உன் வேலை, எனக்குக் காட்ட வேண்டாம். பரிட்சைக்கு முன்னாலேயே தபாலில் போட்டுவிடு, மறக்காதே. நீ நல்லா இருக்கணும், உன்னால் இன்னொரு பிள்ளையும் நல்லா இருக்கணும், அதுதான் என் ஆசீர்வாதம். நாளைக்குக் காலையில் திரௌபதி அக்கா பக்கத்தில் என் ஸ்டூல் இருக்குமா, தூக்கிப் போட்டிருப்பாளா தெரியவில்லை. எனக்கும் வாந்தி வருகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் எட்டு மணிக்குப் போய்விடுவேன். நீயும் ஹாலுக்குப் போய் உட்காரு.

உன் அம்மா,
க. பூங்கோதை