ரூபினிக்கு வாங்கிய சீட் இல்லாத மோட்டார்

அன்பு மகள் சுபத்ராவுக்கு அம்மா எழுதுவது,

முருகன் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் உன் இருமல் விட்டிருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு வைக்கும்போது வேண்டிக்கொண்டேன். தேயிலைத் தூளும் ஊறுகாயும் பார்சல் போடும் சாக்கில் இதையும் உள்ளே வைக்கிறேன், போனில் என்றால் நீ டூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் பாதியை மறந்துவிடுகிறேன். உன் தங்கை ரூபினிக்கு மோட்டார் சைக்கிள் வாங்கியாகிவிட்டது மா. நீ இரட்டை ஷிப்ட் பார்த்து அனுப்பிய ஆறாயிரம் வெள்ளிப் பணம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. அதைவிட, அன்றைக்கு அப்பாவிடம் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசினாயே, அது இல்லாவிட்டால் நிச்சயமாக நடந்திருக்காது.

அப்பாவின் பயம் உனக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்த மலை ரோட்டில் தோட்டத்து லோரி ஓட்டியவர், மோட்டாரில் விழுந்த எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார். ரூபினி ஆசையைச் சொன்ன நாளிலிருந்து ஒரு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இது ரோட்டில் பறக்கிற மோட்டார் இல்லை, உட்கார சீட்டே கிடையாது, நின்றபடியே பாறைமேலும் மரக்கட்டைமேலும் மெதுவாக ஏற்றி இறக்குகிற ட்ரையல்ஸ் மோட்டார், கால் தரையில் படாமல் கடக்க வேண்டும், அவ்வளவுதான் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். நீ பேசிய பிறகுதான், சரி, நானும் கூட வந்து பார்க்கிறேன் என்றார்.

முதலில் ஒருவர் விற்கிற பழைய மோட்டாரைப் பார்க்க ஈப்போவுக்குப் போனோம். நீல நிறத்தில் புதுசு மாதிரி பளபளவென்று பெரிய எஞ்சின் மோட்டார், நம் காசுக்குள் கிடைக்கிறதே என்று எனக்கே வாங்கிவிடத் தோன்றியது. ரூபினி முதலில் எஞ்சினைத்தான் தொட்டாள், சூடாக இருந்தது. நாம் வருவதற்கு முன்பே விற்கிறவர் ஓட வைத்திருக்கிறார், ஆறின எஞ்சின் உதைத்ததும் கிளம்புமா என்று நமக்குத் தெரியக்கூடாதென்று, என என் காதில் சொன்னாள். பிறகு தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இங்க பாருங்க, வண்டிச் சட்டத்துல விரிசலுக்கு ஒட்டு வச்சிருக்காங்க, மேல சாயம் அடிச்சிருக்கு" என்றாள். அப்பாவும் குனிந்து பார்த்தார். வேண்டாமென்று கிளம்பிவிட்டோம். திரும்பி மலை ஏறும்போதுதான் அப்பா ஒரு மாதம் கழித்து அவளிடம் பேசினார், "இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" என்று. "ஆறு மாசமா படிச்சேன்பா. காசு அக்காவோடது. நான் ஏமாந்துட்டா அக்கா மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் கம்போங் ராஜாவில் சாம்பசிவம் என்று ஒருவரின் பட்டறைக்குப் போனோம், முன்பு போட்டியில் ஓட்டியவராம், இப்போது முட்டி சரியில்லை. அவருடைய மோட்டார் பார்க்க அழகே இல்லை, மட்கார்டு ஒரு நிறம், டேங்க் ஒரு நிறம். சின்ன எஞ்சின்தான், முதலில் பழகுகிறவருக்கு அதுதான் நல்லது, பெரியது கையை மீறி இழுக்கும் என்றார். முன் சஸ்பென்ஷனில் எண்ணெய் கசிகிறது, சங்கிலி மாற்ற வேண்டும் என்று குறையெல்லாம் தானே சொன்னார், சாமான் ஈப்போவிலேயே கிடைக்குமாம். "எஞ்சின் ஆறித்தான் கிடக்கு, நீயே உதைச்சுப் பாருமா" என்றார். மூன்றாவது உதையில் கிளம்பியது. யார் ஓட்டப் போவது, பையனா என்று அவர் மனைவி அப்பாவிடம் கேட்டார். "என் சின்ன மகதான் லா" என்றார் அப்பா, அப்படி ஒரு குரலில். ஹெல்மெட்டும் பூட்ஸும் வாங்க வேண்டுமே என்று விலையையும் குறைத்துக்கொண்டார் அந்த மனிதர், நன்றாக இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடைப் பாறைகளில் ஓட்டிப் பார்த்தாள். ஐந்து தடவை சாய்ந்தாள், ஐந்து தடவையும் அப்பா எழுந்து எழுந்து உட்கார்ந்தார். ஆறாவது தடவை கால் ஊன்றாமல் ஏறி இறங்கிவிட்டாள், பக்கத்து வீட்டு வேலாயி விசிலே அடித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். முழங்கால் தண்ணீரில் நின்று அடுத்த பாறையின் பாசியைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். "அப்பா, வழுக்கணும்பா, அதான் விளையாட்டே!" என்று இவள் கத்த, அவர் விடவே இல்லை.

உனக்கு அந்த வயதில் ஒரு சைக்கிள்கூட நாங்கள் வாங்கித் தரவில்லை சுபா. நீயும் கேட்டதில்லை. அன்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன். பெற்ற பிள்ளைக்கு நன்றி சொல்லக்கூடாது என்பார்கள், நான் சொல்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்த ஈரத்தோடு வெளியே போகாதே. நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக நீ இருக்க வேண்டும். இது உன் கைக்கு வருவதற்குள் அப்பா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பார், பாசி தேய்த்ததை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே.

உன் அம்மா,
மோகனா தங்கையா