அண்ணே, டாக்டர் சொன்னதை ஏன் மறைத்தீர்கள்?

அன்புள்ள அண்ணனுக்கு,

‘அன்புள்ள’ என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. இருக்கட்டும், கோடு போட்டு அடிக்கவில்லை. ஆனால் உங்கள் மேல் எனக்கு இப்போது இருப்பது கோபம் மட்டும்தான். செத்தவரைத் திட்டக்கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர். உயிரோடு இருந்தபோது உங்களை யாரால் திட்ட முடிந்தது?

நம் தம்பி தங்கராசு போய்விட்டான் அண்ணே. நீங்கள் போன ஒன்றரை வருஷத்தில், அதே குடல் புற்றுநோயில். வயது முப்பத்தெட்டு. சிவகாசியில் உங்கள் பட்டாசு ஆலையை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தீபாவளி லோடு முழுவதையும் விருதுநகர் ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டு என் வீட்டுக்கு வந்தவன், சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார முடியாமல் சுருண்டு விழுந்தான்.

மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உங்களைப் பார்த்த அதே டாக்டர்தான். அவனைச் சோதித்துவிட்டு வெளியே வந்து என்மேல் எரிந்து விழுந்தார்.

“உங்க அப்பாவுக்கும் இதே நோய், அண்ணனுக்கும் இதே நோய். கூடப்பிறந்தவங்க ஒரு தொந்தரவும் இல்லாட்டாலும் வந்து குடலைக் காட்டணும்னு அப்பவே அவர்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா. ஏன் ஒருத்தரும் வரலை?”

அப்பா மூலத்தில் செத்தார், உங்களுக்கு வயிற்றுப்புண் என்றல்லவா எங்களை நம்பவைத்திருந்தீர்கள்? பக்கத்தில் நின்ற மதினியைப் பார்த்தேன். உங்கள் மனைவி தலை நிமிரவில்லை.

“வெளிய தெரிஞ்சா வசந்தா கலியாணம் நின்னுபோகும், வாயத் தொறக்காதேன்னு உங்கண்ணன் சொல்லிட்டாக தாயி” என்றார்.

மகள் கல்யாணத்துக்காக என்றால்கூட ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். கல்யாணம் முடிந்த பிறகு? நீங்கள் கட்டிலில் கிடந்தபோது தங்கராசு வந்து, வெளிக்குப் போகும்போது ரத்தம் வருகிறது என்று சொன்னானே! நானும் அங்கேதான் நின்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?

“ஏலே, வெடிமருந்துக்கு நடுவுலயே நின்னா சூடு பிடிக்கத்தான் செய்யும். மோரைக் குடி, போ.”

அந்தப் பிள்ளை ஒன்றரை வருஷம் மோர் குடித்தான். உங்கள் பேச்சைத் தட்டாதவன். தெரிந்தே சொன்னீர்களா? பயத்தில் சொன்னீர்களா? எதுவானாலும் எனக்கு ஆறவில்லை.

அவனுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் மதுரைக்குக் கிளம்பினேன். “நோவு ஒண்ணும் இல்லாம யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாகளா? அதுவும் அந்த எடத்தைக் காட்டவா?” என்று என் வீட்டுக்காரர் குதித்தார். மதினியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

ஒருக்களித்துப் படுக்கவைத்து, விளக்கு வைத்த குழாயை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். வலியை விடக் கூச்சம்தான் பெரிதாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரக் கூச்சத்துக்காகவா நம் வீட்டில் ஆள் ஆளாகச் சாகிறார்கள்?

உள்ளே சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்தது. எனக்கு ஒரு வலியும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் பார்த்ததில்லை. அதைச் சுட்டு எடுத்துவிட்டார்கள். “இது இன்னும் கெட்டதா மாறலை. விட்டிருந்தா மாறியிருக்கலாம். வருஷா வருஷம் வந்து காட்டுங்க” என்றார் டாக்டர்.

“தம்பியும் அப்பவே வந்திருந்தா?” என்று கேட்டேன்.

“உறுதியா சொல்ல முடியாதும்மா. ஒரு வழி இருந்திருக்கும்.”

அந்த வழியை அடைத்தவர் நீங்கள்.

போன மாதம் தங்கராசுக்கு வருஷத் திவசம். சொந்தமெல்லாம் கூடியிருந்தபோது எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், எந்த இடம், என்ன நோய் என்று பேர் சொல்லியே. “பொம்பள பேசுற பேச்சா இது?” என்றார் நம் மாமா. நான் நிறுத்தவில்லை.

உங்கள் சம்பந்தி முகம் கறுத்துவிட்டது. “எங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா இந்தக் கலியாணத்தை நிறுத்தித்தான் இருப்போம்” என்றார். ஆக, நீங்கள் பயந்தது வீண் பயம் இல்லை. அதையும் ஒளிக்காமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

வசந்தா உள்ளிருந்து வந்தாள். மாமனார் முன்னால் நின்று பேசி அறியாத பெண். “நின்னுருந்தா நின்னுருக்கட்டும் மாமா. எங்க சித்தப்பா இருந்திருப்பாரு” என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னையும் கூட்டிட்டுப் போங்க அத்தை.”

வருகிற திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். தங்கராசின் பிள்ளைகளையும் உரிய வயது வந்ததும் கூட்டிக்கொண்டு போவேன். உங்களை மன்னிப்பேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. இந்தக் குடும்பத்தில் இனி ஒருவரையும் தெரியாமல் சாக விடமாட்டேன் என்ற வாக்கு மட்டும் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கராசின் அக்காள்,
உங்களுக்கும் தங்கைதான்,
பாக்கியம்
விருதுநகர்