இறம்பொடை இறக்கத்தில் பிடிக்காத பிரேக்

ராகலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் லோஜனுக்கு அம்மா எழுதுவது. நீயும் வினோதாவும் பிள்ளையும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொண்டே எழுதுகிறேன். நாங்கள் இருவரும் கைகால் சேதமில்லாமல் இருக்கிறோம், அதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படி. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், உன்னிடம் சொல்லக் கூடாது என்கிறார். இதை முதலாளி மகள் நிலக்ஷிதான் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

அப்பா இப்போது லொறியை விட்டுவிட்டுக் கடை முதலாளி நாகலிங்கத்தின் காரை ஓட்டுகிறார், தெரியும்தானே. போன மாதம் முதலாளி கிளச் இல்லாத ஓட்டோ கியர் கார் வாங்கினார். முப்பது வருஷம் கியர் மாற்றி ஓட்டிய மனுஷன், "வண்டி என் பேச்சக் கேக்கல, அதுவா ஒண்ணு நெனைக்குது" என்பார். நான் சிரித்தேன். போன செவ்வாய்க்கிழமை முதலாளியின் சம்சாரத்தைக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப்போனோம், துணைக்கு நானும் நிலக்ஷியும். இறம்பொடை இறக்கத்தில் ஒரே மழை. லொறியாக இருந்தால் இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினாலேயே பிடித்திருப்பார், இதில் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. கருகல் வாடை வந்தது. முன்னால் போன பஸ் ஆள் இறக்க நின்றது, அப்பா மிதிக்க மிதிக்கப் பெடல் உள்ளே போகிறது, வண்டி நிற்கவில்லை. ஹோர்னை அடித்துக்கொண்டே பஸ்ஸைச் சுற்றி எடுத்தார். கியரைப் பிடித்த கை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. "பிரேக் பிடிக்கல" என்று மெதுவாகத்தான் சொன்னார், அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதே இல்லை. நிலக்ஷி பின்னாலிருந்து, "மாமா, கியர 'எல்'லுக்கு இழுங்க, கடைசி வரைக்கும் இழுங்க" என்று கத்தினாள். இழுத்தார். அதுதான் சின்னக் கியராம், எஞ்சின் அலறியது, வேகம் குறைந்தது, ஹேண்ட்பிரேக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். கதவு நசுங்கியதோடு போனது.

நீ சித்திரை வருஷப் பிறப்புக்கு வரும்போது கட்டுநாயக்கா ஏர்போர்ட்டில் கார் எடுத்து நீயே ஓட்டுவதாகச் சொன்னாயே, அதற்குத்தான் எழுதுகிறேன். நீ கனடாவில் ஓட்டோ கியரிலேயே படித்தவன். திரும்பிப் போகும்போது பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த இறக்கத்தில் நீ ஓட்ட வேண்டாம். வேன் பிடித்து வா ராசா. கேட்க மாட்டாய் என்றால் சின்னக் கியரில் இறங்கு, பிரேக்கை விட்டு விட்டு மிதி, வாடை வந்தால் ஓரங்கட்டி ஆறவிடு.

அன்றிலிருந்து அப்பா சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நேற்று அவராகவே போய், "அந்தக் கியர் எழுத்தெல்லாம் என்னென்னன்னு ஒருக்கா சொல்லுங்க பாப்பா" என்று நிலக்ஷியிடம் கேட்டாராம். பிரேக் திருத்தி வந்த காரைக் கடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தார்களாம். வருகிற செவ்வாயும் கிளினிக். வேறு டிரைவரை அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். "இப்ப எடுக்கலன்னா இனி எப்பவும் எடுக்க மாட்டேன் வடிவு" என்றார். நானும் போகிறேன், இந்த முறை முன் சீட்டில், அவர் பக்கத்தில்.

மாரியம்மன் உங்கள் மூன்று பேரையும் ரோட்டிலும் வீட்டிலும் காக்கட்டும். செவ்வாய்க்கிழமை எங்கள் நேரம் பின்னேரம் ஆறு மணிக்கு முன் எங்களுக்குப் போன் எடுக்காதே, ரோட்டில் இருப்போம். ஆறுக்கு மேல் கட்டாயம் எடு.

உன் அம்மா,
சண்முகவடிவு