உன் பெயரை அழித்தது நான்தான்

என் ஸ்டெல்லாவுக்கு,

மேலே இருந்து எல்லாவற்றையும் நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று ஃபாதர் சொல்கிறார். அப்படியானால் நேற்று நான் செய்ததையும் பார்த்திருப்பாய். பார்க்கவில்லை என்றால், வேறு யாராவது வந்து கோள் மூட்டுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு கண்ணாடிக் குடுவையின் அடியிலிருந்த உன் பெயரை கிரைண்டிங் வீலில் பிடித்து அழித்தேன். அழுதுகொண்டேதான் அழித்தேன். ஆனால் அழித்தேன்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சிப்காட் பின்பக்கத்து ஷெட் அப்படியேதான் இருக்கிறது, உலையும் எரிகிறது. "தனியா ஒரு பொம்பள இதை வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை. நாகரசம்பட்டியிலிருந்து என் அண்ணன் வந்து, உலையை விற்றுவிட்டு மாந்தோப்பைப் பார்க்க வா என்றான். மாமரம் காய்க்க நான் பக்கத்தில் நிற்க வேண்டுமா என்று கேட்டேன். காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டான்.

நம் வேலை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உருகிய கண்ணாடியை பைப் முனையில் சுற்றி எடுத்து முதல் மூச்சு ஊதுவது நீ. பெஞ்சில் உட்கார்ந்து ஈரக் காகிதத்தால் அதை உருட்டி வடிவம் கொடுப்பதும் நீ. அப்போது பைப்பின் மறுமுனையில் ஊதுவது, நிறம் கொண்டுவந்து ஒட்டுவது, கண்ணாடி இறுகிவிடாமல் திரும்பத் திரும்பச் சூடாக்கும் சின்ன உலையின் கதவைத் திறந்து மூடுவது எல்லாம் நான். ஒரு ஆளால் முடிகிற வேலையா அது?

மறுநாள் ஆறவைக்கும் அடுப்பிலிருந்து குடுவையை எடுத்துக் கவிழ்த்து, அடியில் வைரமுனைப் பேனாவால் 'ஸ்டெல்லா' என்று பொறிப்பதும் நான்தான். உன் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும் என்று நீயே பேனாவை என்னிடம் தந்தாய். "ரெண்டு பேர் பேரையும் போட்டா மளிகைக் கடை போர்டு மாதிரி இருக்கும் புள்ள" என்று சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை, அது என் தப்பு. உனக்கு ஒரு நாளாவது உறுத்தியதா ஸ்டெல்லா?

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரம், முதல் தடவையாக நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு திறக்க ஆள் வேண்டுமே? உன் வீட்டுக்காரர் அருள்ராஜ் அண்ணன் ஷிஃப்டுக்குப் போவதற்கு முன்னால் வந்து நின்றார். இருபது வருஷமாக மெஷின் ஓட்டுகிற மனுஷனுக்கு ஒரு கதவை நேரத்துக்குத் திறக்கத் தெரியவில்லை. "திறங்கண்ணா, திறங்கண்ணா" என்று நான் கத்துகிறேன், அவர் கையுறையைச் சரி செய்துகொண்டிருக்கிறார். வெளியே எடுப்பதற்குள் கண்ணாடி உலைக்குள்ளேயே சூடு கூடிக் குழைந்து, குடுவையின் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

நீயாக இருந்தால் உடனே நிமிர்த்தியிருப்பாய். நானும் இடுக்கியைக் கையில் எடுத்தேன். எடுத்தவள் நிமிர்த்தவில்லை, இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். நன்றாக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் கேட்காமல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அதை எடுத்துக் கவிழ்த்து, பேனாவைப் பிடித்து, பழக்க தோஷத்தில் 'ஸ்டெல்லா' என்று எழுதிவிட்டேன். கடைசி எழுத்தைப் போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது. பன்னிரண்டு வருஷமாக உன் பெயரையே எழுதிய கை, அது தன் பாட்டுக்கு எழுதிவிட்டது. உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டு, நீ விட்டுப்போன பதினொரு குடுவைகளுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்தேன்.

போன வாரம் பெங்களூர் கேலரிக்காரர் வந்தார். உன் நினைவாக ஒரு கண்காட்சி வைக்கிறாராம், உனக்கு நல்ல பேராம். அலமாரி முழுக்கப் பார்த்துவிட்டு நேராக அந்தச் சாய்ந்த குடுவையை எடுத்தார். "பாருங்கம்மா, சாவு வர்றது தெரிஞ்சு செஞ்சிருக்காங்க. கழுத்து எப்படித் தலை குனியுது பாருங்க" என்று கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அருள்ராஜ் அண்ணனின் கையுறை சார், மற்றபடி நான் செய்தது என்றேன்.

அவர் நம்பவே இல்லை. நம்பிய பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிடி அம்மா. யாரிகூ கொத்தாகல்ல" என்று கன்னடத்தில் சொன்னார். விடும்மா, யாருக்கும் தெரியாது என்கிறார். வேண்டுமென்றால் கண்காட்சியில் பக்கத்தில் வைக்கிற பெயர் அட்டையில் கீழே 'உதவி: மஞ்சுளா' என்று சின்னதாகப் போடுகிறாராம். தாராள மனசு!

அவரைக்கூட விட்டுவிடுவேன். அருள்ராஜ் அண்ணனும் அதையேதான் சொன்னார். "அவளே பூட்டா மஞ்சு. இதாவது அவளுக்கு இருக்கட்டுமே, உனக்கு இன்னா கொறைஞ்சு போவுது?"

என்ன குறைந்து போகும் என்று உனக்குச் சொல்கிறேன். நாளைக்கு நான் இன்னொரு கழுத்தைச் சாய்ப்பேன். சாய்க்கத்தான் போகிறேன், அது என் வடிவம். அப்போது எல்லோரும் என்ன சொல்வார்கள்? ஸ்டெல்லாவைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாள் என்பார்கள். நான் கண்டுபிடித்ததை நானே திருடியவளாக வாழ வேண்டும். உன் மேல் எனக்கு உயிர். அதற்காக அப்படி வாழ முடியாது.

அதனால்தான் நேற்று அழித்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட வீலில் வைத்தேன். வெள்ளை வெள்ளையாகப் பால் மாதிரி வழிந்தது. முழுப் பெயரும் போன இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மங்கலாக நின்றது. அதன்மேல் 'மஞ்சுளா' என்று எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

இன்று காலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போக கேலரிக்காரர் வண்டியோடு வந்தார். குடுவையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். "என்னம்மா இது, எழுத்து ஸ்டெல்லா கையெழுத்து மாதிரியே இருக்கே!"

"அது எப்பவுமே என் கையெழுத்துதான் சார். பன்னெண்டு குடுவையிலயும் நான்தான் எழுதினேன். அட்டையில ரெண்டு பேர் பேரும் ஒரே அளவுல இருக்கணும். இல்லன்னா ஒண்ணும் வண்டி ஏறாது."

யார் யாருக்கோ போன் போட்டார், கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறிப் பேசினார். கடைசியில் வண்டி காலியாகவே கர்நாடக எல்லை தாண்ட அத்திப்பள்ளிப் பக்கம் திரும்பிப் போனது. உனக்கு வர இருந்த மரியாதையை நான்தான் திருப்பி அனுப்பினேன். அருள்ராஜ் அண்ணன் என்னிடம் பேசவில்லை. நீயாவது பேசுவாயா, இல்லை நீயும் முகத்தைத் திருப்பிக்கொள்வாயா?

திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள். உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னுடைய பதினொன்றையும் ஊர் பார்க்கக் கொண்டு போவேன், எந்தக் கேலரியும் கதவு திறக்காவிட்டால் இந்த ஷெட்டிலேயே வைப்பேன். அவற்றில் உன் பெயர் இருக்கிற இடத்தை எவனையும் தொட விடமாட்டேன், நானும் தொடமாட்டேன். ஆனால் நீ ஊதாத ஒரு குடுவையிலும் இனி உன் பெயர் ஏறாது.

செத்துப்போனது நீ, ஸ்டெல்லா. நான் இல்லை.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
மஞ்சுளா