நடுவில் போய் நின்ற பெயர்

என் அன்பானவருக்கு,

நீங்கள் என்னைவிட்டுத் தனியாக மிசிசாகாவுக்குக் குடிபோனபின் வரும் முதல் நத்தார்ப் பண்டிகை. இம்முறை வீட்டுப் பியரை நானே காய்ச்சிப் போத்தலில் அடைத்தேன். லேபிளுக்கு, நீங்கள் கொம்பியூட்டரில் வரைந்து வைத்திருந்ததைத் திறந்து ஆண்டை மாற்றினேன்.

கீழே எங்கள் இருவரின் பெயர். உங்களுடையதை அழித்தேன். என்னுடையது தானாக நகர்ந்து நடுவில் போய் நின்றது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உங்களுடையதைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

நீங்கள் செய்கிறமாதிரிப் பசைக்குப் பதிலாகப் பால் தடவித்தான் ஒட்டினேன்.

நத்தார்ப் பூசை முடிய, கோயில் வாசலில் அன்ரனெற் அன்ரிக்கு ஒரு போத்தல் கொடுத்தேன். லேபிளை வாசித்துவிட்டு, "அப்ப அவர் வந்திட்டாரோ?" என்று கேட்டா.

"ஓம் அன்ரி" என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் இருவரையும் பார்க்க ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறாவாம்.

ஞாயிறு மத்தியானம் மிசிசாகாவிலிருந்து வருகிற றோட்டில் அவ்வளவு நெரிசல் இருக்காது.

லேபிளில் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவள்