எது எதனால்

மார்ச் 4

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். "என்னடி இது, பாதியா வந்து நிக்கிற?" என்று மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே, என்ன சொன்னீர்கள்? "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான். வயசு!" கை நடுங்கி, தைக்க வந்த துணியைக் கோணலாக வெட்டித் தொலைத்தேன். அதற்கும் வயசு. வயிறு நிறையச் சாப்பிட்டும் இளைத்தேன். "இளைச்சா நல்லாத்தானே இருக்கே" என்று சிரித்தீர்கள்.

மாதவிலக்கு நிற்கும் பருவம்தான். ஆனால் தைராய்டும் அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். வியர்வை, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் இரண்டிலுமே வருமாம். ரத்தம் சோதித்துப் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

வாஷிங் மெஷின் ரிப்பேர் கடையில் உங்கள் ஆட்களிடம், "ஒரு பழுது கிடைச்சதும் மூடிடாதீங்கடா, உள்ளே இன்னொண்ணு இருக்கும்" என்று தொண்டை கிழியக் கத்துவீர்களே. அந்த மெஷினுக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்லையா?

உங்கள் மனைவி

மார்ச் 11

என் மகாராணிக்கு,

உன் கடிதம் படித்துச் சோறு இறங்கவில்லை. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

ஒரு விதத்தில் எனக்கு நிம்மதி. நீ தட்டை வீசியது, சம்பந்தி வீட்டார் முன்னால் என்னை வாய்க்கு வந்தபடி பேசியது எல்லாம் தைராய்டு செய்த வேலை என்று புரிந்துவிட்டது. பிள்ளைகளிடமும், "உங்கம்மா பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க, அது வியாதி" என்று சொல்லிவிட்டேன். கோபம் தணிந்ததும் ஒரு வார்த்தை சொல், ஓடி வந்து கூட்டிப்போகிறேன்.

உன்னவன்

ஜூன் 2

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

கை நடுக்கம் நின்றுவிட்டது. படபடப்பு இல்லை, உடம்பும் தேறிவிட்டது. இங்கேயே தையல் வேலை எடுத்துச் செய்கிறேன். வியர்வை மட்டும் இன்னும் திடீர் திடீரென்று வருகிறது. அது வயசு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

போன வாரம் மறுபடியும் ரத்தம் பார்த்தார்கள். தைராய்டு கட்டுக்குள் வந்துவிட்டது. நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நிதானமாக உங்கள் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு!

இந்தக் கோபம் வயசும் இல்லை, வியாதியும் இல்லை. நீங்கள் கொடுத்தது. பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள்.

நான் வரவில்லை.