மூன்றாவது வளைவின் துளைகள்

அன்பு வாலுக்கு,

நீ அங்கே சுகமாக இருப்பாய். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பாவுக்கு முட்டிவலி மட்டும்தான். பள்ளத்துக்கு மேலே வாய்க்காலைத் தூக்கிக்கொண்டு போகும் நம் பழைய தொட்டிப்பாலத்துக்குத்தான் உடம்பு சரியில்லை, அதுவும் உன்னால். போனில் சொன்னால் வாதாடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பழம்பெருமையைக் காக்கிறோம் என்று ஆட்கள் வந்து சாரம் கட்டி, பாசியைச் சுரண்டினார்கள், கல்லெல்லாம் குளித்த பிள்ளை மாதிரி ஆனது, நானும் மகிழ்ந்துதான் போனேன். கடைசியில் பார்த்தால் மூன்றாவது வளைவுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்த துளைகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறார்கள். கேட்டதற்கு மேஸ்திரி, "ஒழுகுனா அடைக்காம என்னம்மா பண்றது, வரைபடத்துலயே போட்டிருக்கு" என்று அதை நீட்டினார். கீழே உன் கையெழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோவில் ஈரத்தைப் பார்த்து ஒழுக்கு என்று எழுதிவிட்டாயா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரியாகப் போயிற்று. ஏழு வயதில் அதே துளையில் குச்சியைச் செருகி அப்பாவிடம் முதுகில் ஒன்று வாங்கினாயே, அன்று குச்சி, இன்று சிமெண்டு. கசிகிற தண்ணீர் இரண்டு கல்சுவருக்கும் நடுவே நிரப்பிய மண்ணில் இறங்கும், அது வெளியே போகத்தான் கட்டியவர்கள் வழி விட்டார்கள் என்று அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னாரே.

போன வாரம் மதகைக் கால்வாசிதான் திறந்தேன். மறுநாள் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், உள்ளே தேங்கிய தண்ணீர் சுவரை ஒரு விரல் அளவு வெளியே தள்ளியிருக்கிறது. அதிகாரியிடம் சொன்னேன், "மதகு திறக்கறதோட நிறுத்திக்கங்க, பொறியாளருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரியும்" என்றார். அந்தப் பொறியாளரைப் பெற்றவளே நான்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது, வெட்கத்தில் விழுங்கிக்கொண்டேன்.

மாதக் கடைசியில் முழு மதகையும் திறக்க வேண்டும். கீழே வயல்கள் காய்கின்றன, திறக்காவிட்டால் ஊரே திட்டும், திறந்தால் சுவர் சரியும். நான் கத்துவது செவிடன் காதில் ஊதிய சங்கு. துளைகளைத் திறங்கள், தப்பு என்னுடையது என்று நீ எழுதினால் அன்றைக்கே உளி வைப்பார்கள். ஆபீசில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணாடியை மாற்று, நூறு வயது நன்றாக இரு. ஒன்றை மறக்காதே, அன்று அடி வாங்கிய பிறகு அழுதுகொண்டே அந்தக் குச்சியைப் பிடுங்கியது நீயேதான்.

மதகுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு காத்திருக்கும்,
உன் அம்மா